அலைகடலில் வானொலி அலை



புதுக்கோட்டை என்றதும் நம் நினைவில் எழுபவை குன்றுகளும் குடைவரைகளுமே. சித்தன்னவாசல் ஓவியங்களையும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும், திருமயம் கோட்டையையும் பற்றி அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். ஆனால் இம்மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வடக்கே கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாக மீமிசலுக்கு அப்பால் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாக் நீரிணை இம்மாவட்டத்தின் கரையைத் தழுவிக் கிடக்கிறது. அங்கே விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகின்றன. மறுநாள் மீனோடு திரும்புகின்றன. அப்படிப் போனவரும் கரையில் இருப்பவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு விஞ்ஞானம் என்ன வழி செய்திருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதிலும் குறிப்பாக, சூழ்நிலைக்கேற்பத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஏரியல்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

இது பொழுதுபோக்குக்கான ஆராய்ச்சி அன்று; உயிரோடு தொடர்புடையது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் எழுந்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் செய்தி இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர்களும் கடலில் இருந்தார்கள். இடையிலிருந்த தூரத்தைத் தாண்டத்தக்க சாதனம் பெரும்பாலான படகுகளில் இல்லை. மீனவர் பலர் திரும்பி வரவேயில்லை. மறு ஆண்டு, 2018 நவம்பர் 16-ஆம் நாள், கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடியது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. கரையில் இருந்தவர்களே ஒருவரோடொருவர் பேச முடியாமல் பல நாள் தவித்தனர். சொல் போய்ச் சேராவிட்டால் என்ன நேரும் என்பதை இவ்விரு புயல்களும் நமக்குக் காட்டின.

கடலும் வானொலியும் பிறந்த நாள் முதலே கூட்டாளிகள். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1890-களில் கல்கத்தாவில் மிகச் சிறிய மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே கம்பியில்லாச் செய்தி ஒன்றைப் பெற்றார். அதன் பிறகு அச்சாதனத்தை ஆவலோடு வாங்கிக்கொண்டவர்கள் கப்பல்காரர்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதன் அபாயக் குரலைக் கேட்டு விரைந்து வந்தது கார்ப்பேதியா என்னும் கப்பல். அதைவிட அருகில் இருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலிலும் வானொலிச் சாதனம் இருந்தது. ஆனால் அதன் இயக்குநர் அன்றிரவு சாதனத்தை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். பேசும் சாதனம் இருந்தாலும் கேட்கும் செவி இல்லாவிட்டால் பயனில்லை என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது. 1914-ல் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை, கப்பல்களில் இடையறாது வானொலிக் காவல் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. இந்தக் 'கேட்கும் செவி' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

இனி நம் கரைக்கு வருவோம். விசைப்படகுகளில் பொருத்தப்படும் வானொலிச் சாதனத்தை மீனவர்கள் வாக்கி டாக்கி என்றோ, வெறுமனே செட் என்றோ சொல்கிறார்கள். கடலில் அபாயக் குரலுக்கென உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டிருப்பது 16-ஆம் எண் அலைவரிசை. அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பதினைந்து கோடியே அறுபத்தெட்டு இலட்சம் அதிர்வுகள். இந்த அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஒரு முறை கோட்டைப்பட்டினத்தில் வயது முதிர்ந்த மீனவர் ஒருவரிடம் இந்தச் சாதனத்தைப் பற்றி விசாரித்தேன். "கிட்ட இருக்கயில மணி மாதிரிக் கேக்கும் சார். வாடை கிளம்பி போட்டு ஆடுச்சுன்னா விட்டு விட்டுத்தான் கேக்கும். இன்னும் தள்ளிப் போயிட்டா ஒண்ணும் கேக்காது" என்றார். பௌதிக நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். கிட்டே நன்றாகக் கேட்பது ஏன்? ஆடினால் விட்டு விட்டுக் கேட்பது ஏன்? தள்ளிப் போனால் அடியோடு கேளாமற் போவது ஏன்? மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இவ்வகைக் குற்றலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேராகச் செல்பவை. பூமியோ உருண்டை. கரையிலிருந்து விலகிச் செல்லும் பாய்மரக் கப்பலின் உடல் முதலில் மறைவதும், பாய் கடைசியில் மறைவதும் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்ததே. வானொலி அலைக்கும் அப்படி ஒரு தொடுவானம் உண்டு. காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், அது கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் அப்பால் இருக்கும். அதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் கிடைக்கும். படகின் ஏரியல் கடல் மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், வர்க்கமூலம் 2, தொடுவானம் 8.2 கிலோமீட்டர். இரண்டு படகுகள் பேசிக்கொள்ளும்போது இருவரின் தொடுவானங்களையும் கூட்ட வேண்டும்; 16.4 கிலோமீட்டர் ஆகிறது. கரையில் 64 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருந்தால் அதன் தொடுவானம் மட்டும் 32.8 கிலோமீட்டர், படகினுடையதையும் சேர்த்தால் 41 கிலோமீட்டர். பெரியவர் சொன்ன 'ஒன்றும் கேளாத' இடம் இந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. சில நாட்களில் கடற்பரப்பை ஒட்டிய ஈரக்காற்று அலையை மேலும் வளைத்து, வழக்கத்தைவிடத் தொலைவுக்குக் கொண்டு செல்வதும் உண்டு. ஆனால் உயிரை அந்த நாட்களை நம்பி வைக்க முடியாது.

இரண்டாவது கேள்வி, 'விட்டு விட்டு' என்பது. இங்கே காரணங்கள் இரண்டு. ஒன்று கடல் நீரே. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலால் வானொலி அலைக்கு அது கண்ணாடி போன்றது. கரையிலிருந்து புறப்படும் அலை படகை இரு வழிகளில் வந்தடைகிறது. ஒரு பகுதி நேராக வருகிறது; மற்றொரு பகுதி கடலில் பட்டுத் தெறித்து வருகிறது. உங்கள் ஊர் ஊருணியில் இரண்டு கற்களை அடுத்தடுத்து எறிந்து பாருங்கள். இரு வட்ட அலைகளும் சந்திக்கும் இடங்களில் முகடும் முகடும் சேர்ந்தால் நீர் உயர்கிறது. முகடும் பள்ளமும் சேர்ந்தால் நீர் அசைவற்று நிற்கிறது. வானொலியிலும் இதுவே நடக்கிறது. மிகச் சாய்வாகக் கடலில் பட்டுத் தெறிக்கும் அலை, முகடு பள்ளமாகவும் பள்ளம் முகடாகவும் தலைகீழாகி வருகிறது. எனவே தூரம் கூடக் கூட, நேராக வந்த அலையும் தெறித்து வந்த அலையும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்குகின்றன. வெறுவெளியில் தூரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். தொலைவான கடற்பரப்பிலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும்! அதற்கு மேல் கடற்பரப்பும் ஓயாமல் ஏறி இறங்குகிறது. கண்ணாடியே ஆடினால் பிம்பம் நிலைத்து நிற்குமா?

மற்றொரு காரணம் படகின் ஆட்டம். இதை விளங்கிக்கொள்ள ஏரியலின் இயல்பை நாம் அறிய வேண்டும். அரிக்கேன் விளக்கு நான்கு புறமும் ஒளி தருகிறது. ஆனால் அந்த ஒளி தொலைவு எட்டாது. டார்ச் விளக்கு அதே அளவு ஒளியை ஒரே திக்கில் குவிக்கிறது. தொலைவு எட்டுகிறது, ஆனால் திருப்பிய இடத்தில் மட்டுமே வெளிச்சம். ஏரியல்களிலும் இவ்விரு வகைகள் உண்டு. அரை அலை நீளமுள்ள சாதாரணக் கம்பி, நெட்டாக நிறுத்தினால், சுற்றுமுற்றும் சமமாக அலையை வீசும். மேலும் கீழுமாக அதன் வீச்சு 78 டிகிரி அகலம் உள்ளது. படகு சற்றுச் சாய்ந்தாலும் கரை அந்த வீச்சுக்குள்தான் இருக்கும். தொலைவு போதவில்லை என்று இத்தகைய கம்பிகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீண்ட ஏரியல் செய்தால், அலை தொடுவானத்தை நோக்கிக் குவிகிறது. ஆனால் வீச்சு மிகக் குறுகிவிடுகிறது. அமைதியான கடலில் இது நல்லது. படகு இருபுறமும் இருபது டிகிரி சாயும் நாளில் அந்தக் குறுகிய வீச்சு ஒரு கணம் வானத்துக்கும் மறு கணம் கடலுக்கும் போகிறது. கரைக்கு நேராக இருக்கும் கணங்களில் மட்டும் பேச்சுக் கேட்கிறது. விலை கூடிய ஏரியல், மோசமான நாளில் மலிவான ஏரியலைவிட மோசமாக வேலை செய்யும் என்பது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் காரணம் இதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, படகு எப்படி ஆடினாலும் கரையை நோக்கியே திருப்பிக்கொண்டிருக்கும் ஒருவன் வேண்டும். பெரிய கப்பல்களில் மோட்டார் வைத்து ஏரியலைத் திருப்புகிறார்கள். மீன்பிடி படகில் அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. உப்புக் காற்று பற்சக்கரங்களை நெடுநாள் வாழ விடுவதுமில்லை. அசையாமல் நின்றபடியே திசை திரும்பும் ஏரியல் ஒன்று வேண்டும். இது இயலுமா?

இயலும். தேர்த் திருவிழா பார்த்தவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். நூறு பேர் வடம் பிடித்தாலும், ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுப்பவரின் தாளத்துக்கு ஒரே கணத்தில் எல்லாரும் இழுத்தால் தேர் நகர்கிறது. ஒரு கம்பிக்குப் பதிலாக நான்கு சிறு கம்பிகளைச் சிறிது இடைவெளி விட்டு நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். வலப்புறத்திலிருந்து வரும் அலை வலக்கோடியிலுள்ள கம்பியை முதலில் தொடும். இடக்கோடியிலுள்ளதைச் சற்றுப் பின்னால் தொடும். ஒரு மீட்டர் இடைவெளியானால் அந்தத் தாமதம் ஒரு விநாடியை முப்பது கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. முந்தி வந்த குறிப்பை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துப் பிந்தி வந்ததோடு சேர்த்தால், நான்கும் ஒரே தாளத்தில் கூடும். வேறு திசையிலிருந்து வருபவை தாளம் தப்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே கம்பிகளை அசைக்காமல், தாமதங்களை மட்டும் மாற்றினால் ஏரியல் திசை மாறிவிடும்! ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் பிரவுன் 1905-லேயே மூன்று ஏரியல்களைக் கொண்டு இப்படிச் செய்து காட்டினார். 1937-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பிரிஸ், பெல்ட்மன் என்ற இருவர், சமுத்திரம் கடந்து வரும் சிற்றலைப் பேச்சைத் தெளிவாகப் பெறத் திசை திருப்பத்தக்க ஏரியல் வரிசையை அமைத்து அதைப் பற்றி எழுதினர்.

இதனால் கிடைக்கும் லாபத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு ஏரியல்களின் குறிப்புகள் ஒத்துச் சேர்ந்தால் மின்னழுத்தம் நான்கு மடங்கு. ஆற்றல் அதன் வர்க்கமாகப் பதினாறு மடங்கு. ஒவ்வொன்றிலும் கலந்துள்ள இரைச்சலோ ஒன்றோடொன்று தொடர்பற்றது. தாளமில்லாக் கூட்டம் போலச் சேர்ந்து நான்கு மடங்கு மட்டுமே ஆகிறது. எனவே சொல்லுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் நான்கு மடங்கு உயர்கிறது. வெறுவெளியானால் இது தூரத்தை இரட்டிக்கும். நாம் முன்பு கண்ட கடற்பரப்பின் கணக்கில், நான்கின் நான்காம் மூலம், அதாவது ஏறத்தாழ 1.4 மடங்குதான் தூரம் கூடும். அதுவும் தொடுவானத்துக்கு உட்பட்டே. விஞ்ஞானம் அற்புதம் செய்வதாகச் சொல்பவரை நம்புவதற்கு முன் இத்தகைய கணக்கைப் போட்டுப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பழக்கம்.

திசை திருப்பலாம் என்று கண்டோம். எந்தத் திசைக்குத் திருப்புவது என்பதை யார் தீர்மானிப்பது? படகு நிமிடத்துக்குப் பல முறை ஆடுகிறது. வலை வளைக்கும்போது முற்றிலும் திரும்பிவிடுகிறது. இங்கேதான் 'தகவமையும் ஏரியல்' என்ற புதிய கருத்து வருகிறது. தம்புராவைச் சுருதி சேர்ப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் தந்தியை மீட்டுகிறார், ஆதார சுருதியோடு ஒப்பிட்டுச் செவி சாய்க்கிறார், பேதம் தெரிந்தால் முறுக்காணியைச் சிறிது திருப்புகிறார், மீண்டும் மீட்டுகிறார். பேதம் குறைந்தால் அதே பக்கம் மேலும் சிறிது, கூடினால் எதிர்ப்பக்கம். தந்தியின் நீளத்தையும் இழுவிசையையும் அவர் அளப்பதில்லை. பேதத்தை மட்டும் கேட்டுக் கேட்டுக் குறைக்கிறார். 1960-ல் பெர்னார்டு விட்ரோ, மார்சியன் ஹாப் என்ற இருவர் இதே நெறியை ஒரு கணித விதியாக்கினார்கள். 1967-ல் விட்ரோவும் அவருடைய தோழர்களும் அதை ஏரியல் வரிசைக்குப் பொருத்திக் காட்டினார்கள். அனுப்பும் செய்தியின் முகப்பில், இருபுறமும் முன்பே அறிந்த சிறு அடையாளம் ஒன்று வைக்கப்படுகிறது. அதுவே ஆதார சுருதி. வந்து சேர்ந்தது அதிலிருந்து எவ்வளவு பிறழ்ந்திருக்கிறது என்று சாதனம் பார்க்கிறது. ஒவ்வொரு ஏரியலின் பங்கையும் தாமதத்தையும் துளித் துளியாக மாற்றுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு செய்ய இன்றைய சிறு மின்னணுச் சில்லுக்கு முடியும். கடலலையின் ஆட்டம் அதற்கு ஆமை நடை.

இந்த முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பால் ஹாவல்ஸ் என்ற பொறியியலாளர் 1950-களின் இறுதியில் ராடாரைக் குழப்பும் அலைகளை நீக்க ஒரு வழி கண்டார். 1966-ல் சிட்னி ஆப்பிள்பாம் அதன் கணிதத்தை விரித்து எழுதினார். வேண்டாத ஓசை வரும் திசையில் ஏரியலின் செவியை அடைத்துவிடுவதே அவ்வழி. நான்கு ஏரியல்கள் இருந்தால், வேண்டிய ஒரு திசையைக் கேட்டுக்கொண்டே, மூன்று திசைகளின் தொல்லையை நீக்கலாம். திருவிழாக் கூட்டத்தில் நாற்புறமும் இரைச்சல் இருக்க, நம் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு குரலை நம் இரண்டு செவிகள் பிரித்தறிவது போன்றது இது. பாக் நீரிணை ஒடுங்கிய கடல். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசுவோர் பலர். ஒரே அலைவரிசையில் பல குரல்கள் மோதும்போது இத்தகைய பிரிப்பு பெரும் உதவி.

ஏட்டிலுள்ளதோடு இது நின்றுவிடவில்லை. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியிலுள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 'ஓஷன்நெட்' என்ற பெயரில் ஒரு முயற்சி செய்தனர். கரையில் உயரமான கட்டடத்தின்மேல் ஒரு நிலையம். மீன்பிடி படகில் ஒரு வாங்கி. அதிலிருந்து மீனவரின் சாதாரணக் கைபேசிக்கு இணைப்பு. கரையிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் வரை இணைப்புக் கிடைத்தது. அலையில் ஆடித் திரும்பும் படகில் ஏரியல் எப்போதும் கரையைப் பார்த்திருக்கச் செய்வது எப்படி என்பதே அவர்கள் ஆராய்ந்த முக்கியமான கேள்விகளுள் ஒன்று. இவ்வகைச் சாதனங்களின் அலை மிகச் சிறியது. 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அரை அலை இடைவெளியில் நான்கு ஏரியல்களை உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கிவிடலாம். 16-ஆம் அலைவரிசையிலோ அதே நான்குக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம் வேண்டும். சிறிய படகில் அதற்கு இடம் ஏது?

தொடுவானத்துக்கு அப்பால் போனவர்களுக்கு வானத்திலிருந்துதான் உதவி வர வேண்டும். 2015 ஆகஸ்டில் இந்தியா ஏவிய ஜிசாட்-6 என்னும் செயற்கைக்கோளில் ஆறு மீட்டர் விட்டமுள்ள, குடை போல விரியும் ஏரியல் பொருத்தப்பட்டது. மேலே இருப்பது அவ்வளவு பெரிதாக இருப்பதால், கீழே இருப்பது கையடக்கமாக இருந்தாலும் போதும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் வழக்கத்தில் உள்ளது. 'ஆபத்து' என்று மட்டும் சொல்ல வல்லது அது. கரை அதைக் கேட்டதா என்று மீனவர் அறிய முடியவில்லை. ஒக்கிப் புயலுக்குப் பின், 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. அது கரையின் எச்சரிக்கையைப் படகுக்குச் சொல்லும், ஆனால் பதில் அனுப்பாது. 2024-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், அபாயச் செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. அதே 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஓர் இலட்சம் மீன்பிடி படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகள் பொருத்தும் தேசியத் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது. "கேட்டோம், வருகிறோம்" என்ற ஒரு சொல், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதப்பவனுக்கு எத்தனை பலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தக் 'கேட்கும் செவி'க்குத் திரும்புவோம். ஒரு திசையில் குவியும் ஏரியல் மற்ற திசைகளில் செவிடு. கரையை நோக்கிக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் படகு, தனக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டரில் மூழ்கும் படகின் குரலைக் கேளாமற் போகலாம். கடலில் ஒருவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். கரையிலிருந்து உதவி வர நேரமாகும். ஆகவே அறிவுள்ள ஏரியல் வந்தாலும், நான்கு புறமும் கேட்கும் எளிய கம்பியையும் 16-ஆம் அலைவரிசையையும் கைவிடக் கூடாது. முதலில் எல்லாத் திசையும் கேட்பது; குரல் வந்தபின் அத்திசையில் கூர்வது. நல்ல சாதனம் இந்த வரிசையில்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்றும் என் கருத்தாகச் சொல்ல விரும்புகிறேன். அறிவுள்ள ஏரியலை எங்கே வைப்பது? விசைப்படகு வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கிவிடக்கூடும். நாட்டுப்படகில் போகிறவருக்கு மின்கலத்துக்கே இடமில்லை. எனவே சுமையைக் கரை தாங்கட்டும். கரையில் உயர்ந்த கோபுரம் ஒன்றில் தகவமையும் ஏரியல் வரிசையை அமைத்தால், படகில் ஓர் எளிய கம்பி போதும். ஏனெனில் ஏரியலுக்குப் பேசும் வழியும் கேட்கும் வழியும் ஒன்றே. மெலிந்த குரலைக் கூர்ந்து கேட்கும் கோபுரம் அதே திசையில் வலிமையாகப் பேசவும் செய்யும். கோபுரம் ஆடுவதில்லை, அதற்கு மின்சாரம் உண்டு, பழுதானால் பார்க்க ஆள் உண்டு. செயற்கைக்கோளின் பெருங்குடை செய்வதும் இதையே. ஆயினும் கஜாவை மறக்கலாகாது. கரையின் கோபுரம் புயலில் சாயலாம், மின்சாரம் நிற்கலாம். அந்த நாளுக்காகக் கோபுரத்துக்குத் தனி மின்கலமும், படகுக்குப் படகு பேசும் எளிய சாதனமும் இருந்தே ஆக வேண்டும்.

மாணவ நண்பர்களே, நான் கூறியவற்றுள் பலவும் உங்கள் பாடத்திலுள்ள அலைகளின் குறுக்கீடு, வர்க்கமூலம், முக்கோணவியல் ஆகியவையே. அவற்றைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டியதில்லை. அறந்தாங்கியிலும் ஆவுடையார்கோவிலிலும் படிப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போய், படகுகளின் ஏரியல் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, தொடுவானத்தைக் கணக்கிடுங்கள். பிறகு அப்படகுக்காரரிடம், எவ்வளவு தூரம் வரை பேச்சுக் கேட்கிறது என்று விசாரியுங்கள். கணக்கும் அனுபவமும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிட்டால் ஏனென்று தேடுங்கள். இணைப்பு முனையில் உப்புப் பூத்திருக்கலாம், கம்பி வளைந்திருக்கலாம், மின்கலம் தளர்ந்திருக்கலாம். எவ்வளவு அறிவுள்ள ஏரியலாயினும் உப்புப் பூத்த முனையை வெல்ல முடியாது. அதைத் துடைத்து, நீர் புகாமல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தீர்களானால், அன்றைய பாடம் ஒரு குடும்பத்துக்குப் பயன்பட்டதாகும்.